சீமைப் பெருச்சாளி வாங்குவோர்க்கு ஒரு சொல்

உயிரை வாங்குதல் என்னுந் தொடர் நம் பேச்சு வழக்கில் வருத்துதலையும் கொல்லுதலையும் குறிக்கும். கடையில் விலைகொடுத்து ஒரு சிற்றுயிரை வாங்குவோர் பலர், தாம் அறியாமலே, அத்தொடரின் இரு பொருளையும் மெய்ப்பித்து விடுகின்றனர். மண்பானை வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்க்கின்றனர். புடைவை வாங்குவோர் அதன் சாயத்தை ஆராய்கின்றனர். கத்தரிக்காய் வாங்குவோரும் அதனைத் திருப்பிச் சொத்தை உளதோவென நோக்குகின்றனர். மூச்சும் பசியும் அச்சமும் உடைய ஓருயிரை வாங்குங்கால் மட்டும், மயிர் அழகாயிருக்கிறது, குழந்தை கேட்கிறது என்னும் இரண்டு காரணங்களே போதுமென்று கொள்ளுகின்றனர். இக்குறை சிறிதன்று என்பதையும், அதனை நீக்கும் வழி அரிதன்று என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இருபகுதியார்க்கும் உயிரைத் தேர்ந்து வாங்கும் கலையைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. 1995 இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று பெரம்பலூர் பிரிந்தது. அதனோடு சேர்ந்தும் பிரிந்தும் நின்ற அரியலூர் 2007 இல் நிலையான தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் எவ்வாறு மாறினும், வானத்து மழையையும் வீட்டு ஆடுமாடுகளையும் நம்பி வாழும் வாழ்க்கை இருபுறத்தும் ஒன்றே. சந்தையில் மாடு பிடிக்கச் செல்லும் நம் உழவர் முதலில் அதனைத் தொலைவில் நின்று நோக்குவார். பின் நடக்கவிட்டுக் காலின் வைப்பைக் காண்பார். வாயைத் திறந்து இரண்டு பல்லா, நான்கு பல்லா என எண்ணுவார். மூக்கு வேர்த்திருக்கிறதா, சாணம் இறுகியுளதா, அசைபோடுகிறதா என்று ஆராய்வார். இவ்வளவும் முடிந்த பின்னரே தரகரின் துண்டுக்குள் விரல்கள் பேசத் தொடங்கும்.

இத்துணை நுட்பமுடைய அவ்வுழவரே, தம் பேரனுக்கென்று நகரத்துக் கடையில் கினிப்பன்றி ஒன்றை வாங்குங்கால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் கடைக்காரர் இட்டுத் தருவதைத் திறந்தும் பாராது பெற்று வருகின்றார். ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் மாட்டின்மேற் செல்லும் கண், சில நூறு ரூபாய் பெறும் உயிரின்மேற் செல்வதில்லை. விலை குறைந்த உயிருக்கு வலியும் குறைவோ? அன்று. ஆதலின் மாட்டுச் சந்தையிற் காட்டும் கண்ணைச் சிற்றுயிரின் கூண்டின் முன்னும் காட்டுக என்பதே யாம் கூறவந்தது.

இவ்வுயிரைச் சீமைப் பெருச்சாளி என்பாரும் உளர். கடைவீதியில் கினிப்பன்றி என்பதே வழக்கு. இரண்டு பெயரும் பொருந்தாப் பெயர்களே. இது பன்றியினமும் அன்று. கினி நாட்டினின்று வந்ததும் அன்று. நம் வயற்புறத்துப் பெருச்சாளிக்கு நெருங்கிய உறவும் அன்று. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டு மக்கள் சில ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இதனை ஊனுணவுக்காக வீட்டில் வளர்த்துப் பழக்கினர்; பெரு நாட்டில் இன்றும் அவ்வழக்கம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கப்பல்களில் இது கடல் கடந்தது. வாலில்லை; முன்காலில் நான்கு விரலும் பின்காலில் மூன்று விரலும் உள்ளன; வளர்ந்தபின் எடை பெரும்பாலும் 700 முதல் 1,200 கிராம் வரை நிற்கும்; நன்கு பேணின் ஐந்து முதல் எட்டாண்டு வரை வாழும். ஐந்தாண்டு என்பது சிறிய காலமன்று. ஆறாம் வகுப்பில் வாங்கிய குழந்தை பள்ளியிறுதி வகுப்பை எய்துமளவும் அதற்குப் புல்லிட வேண்டும் என்பதை முதலிலேயே உணர்தல் நன்று.

நம் நாட்டுக் கிளியும் அணிலும் இருக்க, அயல்நாட்டு உயிர் எதற்கு என்று சிலர் வினவலாம். அக்கிளியையும் அணிலையும் கூண்டில் அடைத்தல் தகாது. பச்சைக்கிளி, மைனா, காட்டுமுயல், நட்சத்திர ஆமை போன்ற நாட்டு உயிர்களை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் புகலிடம் 2024 இல் ராம்சர் பட்டியலிற் சேர்ந்ததற்கு மகிழ்ந்த நாம், வீட்டுத் திண்ணையில் சிறகு வெட்டிய கிளியைத் தொங்கவிடுதல் முரணாகும். தலைமுறை தலைமுறையாக மனையிலேயே பிறந்து பழகிய கினிப்பன்றியை வளர்ப்பதற்கோ சட்டத்தின் தடையில்லை. ஆயினும் தடையின்மை ஒன்றே தகுதியாகாது. வாங்கலாமோ என்னும் வினாவுக்கு விடை கிடைத்தபின், நம் வீட்டில் அது வாழுமோ என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

அவ்வினாவுக்குரிய முதற் சோதனை வெயில். குளிர்ந்த மலைநாட்டில் தோன்றிய இவ்வுயிருக்கு 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பமே இன்பந் தருவது. அது நம்மைப் போல் வியர்த்துக் குளிர்வதன்று. நாயைப் போல் நாநீட்டி இளைத்துத் தணிவதும் அன்று. முப்பது பாகையைக் கடந்த புழுக்கத்தில் வாயோரம் நனைந்து, பக்கவாட்டிற் சாய்ந்து, சில நாழிகையில் மடியவுங் கூடும். நம் பகுதியிலோ சித்திரை, வைகாசித் திங்களில் நாற்பது பாகையை ஒட்டி வெயில் காய்வது வியப்பன்று. சென்ற கோடையில் எம் அயலகத்துச் சிறுவன் ஒருவனுக்கு அவன் மாமன் ஒரு கினிப்பன்றியை வாங்கித் தந்தார். தகரக் கூரையின்கீழ்க் கூண்டு வைக்கப்பட்டது. ஒன்பதாம் நாள் பிற்பகலில் அது செத்துக் கிடந்தது. அழுத சிறுவனைத் தேற்றுவாராய், வேறொன்று வாங்கித் தருவேன், அழாதே என்றார் மாமன். அவர் நெஞ்சில் அன்பே இருந்தது. ஆனால் அச்சொல் சிறுவனுக்குக் கற்பித்த பாடம், உயிர் உடைந்தால் மாற்றிக்கொள்ளும் பொருள் என்பதே.

ஆதலின் தேர்வு கடையில் தொடங்குவதன்று, வீட்டிலேயே தொடங்குவது. பகல் முழுதும் நிழலும் காற்றும் உடைய ஓர் அறை உண்டா? ஓட்டு வீடாயின், தடித்த மண்சுவராயின், வேம்பின் நிழலாயின் நன்று. தகரக் கொட்டகையும் காரை வீட்டு மேல்மாடியும் ஆகா. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டும், குளிர்ந்த நீர் நிறைந்த மண்கலத்தை அருகில் வைத்தும் கோடையைத் தணிக்க ஆள் உண்டா? சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டிகள் புழுதி எழுப்பிச் செல்லும் சாலையோரத்து வீடாயின், தெருப்பக்கத்தை விட்டு உள்ளே கூண்டு வைக்க இடம் உண்டா? இவற்றிற்கு இல்லை என்பதே விடையாயின், வாங்காமையே அன்பு. உண்டு என்பார்க்கும் ஒன்று சொல்வோம்: கோடையில் வாங்கற்க, மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் வாங்குக. புதிய இடத்தின் அச்சமும் புதிய வெயிலும் ஒரே நாளில் அதன்மேல் விழலாகாது.

இனிக் கடையை ஆராய்வோம். உயிரைக் காண்பதற்கு முன் கூண்டைக் காண்க. தரை கம்பிவலையாயின் அதன் அடிப்பாதம் தோலுரிந்து புண்ணாகும். நீர் நாறுமாயின், உண்ணப் புல்லின்றி வெறுந் தவிடு கிடக்குமாயின், அங்குள்ள உயிர் எதுவும் நலமுடையதாய் இருத்தல் அரிது. முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் அடைத்தல் கடைகளிற் காணும் வழக்கம். முயல் தனக்கு யாதொரு நோய்க்குறியுமின்றிச் சுமந்து திரியும் ஒருவகைக் கிருமி, கினிப்பன்றிக்குக் கொடிய நுரையீரற் காய்ச்சலை விளைவிக்கும். ஆதலின் அக்கூட்டுக்குடி ஆகாது. ஒரே கூண்டில் ஒன்று இருமுமாயின், மற்றவை துள்ளி விளையாடினும் அவற்றையும் விட்டு நீங்குக. நோய் உள்ளே புகுந்து வெளிப்படச் சில நாள் ஆகும். 2018 ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் கினிப்பன்றியையும் பெயர் சொல்லி உள்ளடக்கி, இத்தகைய கடைகள் மாநில விலங்குநல வாரியத்திற் பதிவு செய்துகொள்ள வேண்டுமென வகுத்துள்ளன. பதிவுச் சான்று உளதோ என்று கேட்பது வாங்குவோரின் உரிமை. கேட்டதற்குச் சினக்கும் கடையில் வாங்காதிருப்பது அவர்தம் அறிவு.

பின்னர் உயிரை நோக்குக. முதலில் மாட்டைப் பார்ப்பது போலவே சற்று விலகி நின்று பார்த்தல் வேண்டும். கை நீட்டியவுடன் ஓடி ஒளிவது நலமுள்ள குட்டியின் இயல்பு. அதனைக் குறையென எண்ணற்க. மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, ஒரு மூலையில் அசையாதிருந்து, எடுத்தபோதும் எதிர்க்காது கையில் அடங்குவதையே நம்மவர் சாதுவானது என்று புகழ்ந்து வாங்குகின்றனர். அது சாதுவன்று, பிணியுற்றது. நொண்டி நடப்பதும், தொட்டவுடன் வலித்ததுபோற் கத்துவதும் மூட்டு நோயின் அறிகுறிகள். புல் இட்டவுடன் ஓடிவந்து கொறிப்பதே நற்குறி.

இனிக் கையில் எடுத்து முகத்தினின்று தொடங்குக. கண்கள் தெளிவாய், பீளையும் நீரும் இன்றி இருத்தல் வேண்டும். மூக்கைப் பொறுத்தவரை மாட்டுச் சந்தை இலக்கணம் இங்குத் தலைகீழாகும். மாட்டின் மூக்கு ஈரமாயிருத்தல் நலம், கினிப்பன்றியின் மூக்கு உலர்ந்திருத்தலே நலம். தும்மலும் சளியும், காதிற்கு அருகே வைத்துக் கேட்பின் கரகரக்கும் மூச்சும் நுரையீரல் நோயைக் காட்டும். முன்பற்கள் நான்கும் வெண்மையாய், நேராய், மேலுங் கீழும் பொருந்தியிருக்கின்றனவா என்று உதட்டை மெல்ல விலக்கிக் காண்க. இதன் இருபது பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்வன. புல்லை மெல்லுதலாலேயே தேய்ந்து அளவுபடுவன. பல் கோணியதாயின் உணவு மெல்ல இயலாது; எச்சில் ஒழுகி மோவாயின்கீழ் மயிர் நனைந்திருக்கும். அந்நனைவைக் கண்டால் அவ்வுயிரைத் திரும்ப வைத்துவிடுக. தாடையின் கீழ்க் கட்டி யாதேனும் உளதா என விரலால் தடவிப் பார்ப்பதும் வேண்டும்.

அடுத்து உடல். மயிரைப் பின்னோக்கி ஊதித் தோலைக் காண்க. சொறியும் பொருக்கும் திட்டுத் திட்டான வழுக்கையும் உண்ணியாலோ படர்தாமரையாலோ வருவன. படர்தாமரை அதனைத் தழுவும் குழந்தையின் தோலிலும் பற்றும் என்பதை நினைவிற் கொள்ளுக. வயிறு மேளம்போல் உப்பியிருத்தலும் முதுகெலும்பு விரலிற் குத்துதலும் ஆகா. பின்புறம் உலர்ந்து தூய்மையாய் இருக்க வேண்டும். கழிச்சல் இச்சிற்றுயிரை விரைவில் வீழ்த்தும். நலமுள்ளதன் புழுக்கை நீண்டுருண்டு, இறுகி, ஒரே அளவினதாயிருக்கும். இறுதியாக உள்ளங்காலை நோக்குக; சிவப்பும் வீக்கமும் இல்லாதிருத்தல் வேண்டும். இச்சோதனை அனைத்திற்கும் கால் மணிநேரம் போதும். ஒரு புடைவைக்குச் செலவிடும் நேரத்தில் நாலிலொன்றும் அன்று.

வயதும் பாலும் அறியாது வாங்குதலால் விளையும் துன்பம் மற்றொன்று. குட்டி கருவில் இரண்டு திங்களுக்கு மேல் இருந்து, கண் திறந்து மயிர் மூடியே பிறக்கின்றது. பிறந்த ஓரிரு நாளிலேயே புல்லையும் கொறிக்கின்றது. இதனைக் கண்டு, பால் மறவாத குட்டியையும் விற்றுவிடுவார் உளர். மூன்று வாரத்திற்கு முன் தாயினின்று பிரித்தலாகாது. ஆறு வாரத்திற்கு மேற்பட்டதாய் வாங்குதல் நன்று. பெட்டையோ நான்கு முதல் ஆறு வாரத்திலேயே கருவுறும் தன்மையது. ஆணும் பெண்ணும் கலந்தடைத்த கூண்டிலிருந்து வாங்கிய சிறு பெட்டை, வீட்டிற்கு வந்தபின் எதிர்பாராது குட்டியிடுவதும், சில வேளை ஈனும்போதே மடிவதும் இதனாலேயே. ஆணையும் பெட்டையையும் பிரித்து வைத்திருக்கும் இடத்தில் வாங்குவதே தக்கது.

ஒன்றா, இரண்டா என்பதும் ஆராயத்தக்கது. இஃது இனத்தோடு கூடி வாழும் உயிர். தனியே அடைத்தால் உண்ணுதலும் விளையாடுதலும் குன்றும். சுவிட்சர்லாந்து நாட்டில் 2008 ஆம் ஆண்டில் வகுத்த விலங்குக் காப்பு விதிகள் இதனைத் தனியே வளர்த்தலாகாதென்று விலக்கின. அத்தகைய சட்டம் நமக்கில்லை. எனினும் தனிமையின் துயரத்தை அறியச் சட்டம் வேண்டுமோ? உடன்வளர்ந்த இரு பெட்டைகளை வாங்குதல் இடரற்ற வழி. இரண்டிற்குப் புல்லும் இடமும் இல்லாதார் ஒன்றையும் வாங்காதிருக்கலாம்.

நலமுள்ளதைத் தேர்ந்தபின் அந்நலத்தைக் காக்கும் உணவைப் பற்றிச் சில சொற்கள். 1907 இல் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபுரோலிக் என்னும் நார்வே நாட்டு அறிஞர் இருவர், கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் உணவாக இட்டபோது, மாலுமிகளை வருத்திய ஸ்கர்வி என்னும் நோய் அவற்றிற்கும் வரக் கண்டனர். சி வைட்டமினைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் நமக்கு இல்லாதது போலவே கினிப்பன்றிக்கும் இல்லை. அவ்வாராய்ச்சியால் மாந்தர் பெற்ற நன்மை பெரிது. அவ்வுயிருக்கு நாம் திருப்பித் தருவதோ பெரும்பாலும் வெறும் தவிடும் காரட்டுமே. புல்லே அதற்கு முதலுணவு. நம் வரப்பில் முளைக்கும் அறுகம்புல், மருந்து தெளியாததாய் இருப்பின், தடையின்றி இடலாம். நாள்தோறும் நெல்லியில் ஒரு சிறு துண்டோ, கொய்யாவோ, கொத்தமல்லித் தழையோ, குடைமிளகாயோ இட்டால் வைட்டமின் குறை வராது. பெரம்பலூர்க் களத்துமேட்டில் மலிந்து கிடக்கும் சின்ன வெங்காயத்தையும் அதன் தாளையும் ஒருபோதும் இடற்க. அஃது இதற்கு நஞ்சு. மாட்டுக்கு ஆட்டியிடும் பருத்திக்கொட்டையும் அசைபோடாத இவ்வுயிருக்கு ஆகாது.

நகரத்தினின்று ஊர் கொண்டுவருதலும் ஒரு சோதனையே. பெரம்பலூருக்குத் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பேருந்தில்தான் வரவேண்டும். விடியற்காலையிற் புறப்பட்டு, வைக்கோல் பரப்பிய காற்றோட்டமான கூடையில், பொறியின் சூடு படாத இடத்தில் வைத்துக் கொணர்க. வீட்டில் வேறு கினிப்பன்றி இருப்பின் இரண்டு வாரமேனும் தனியறையில் வைத்துப் பார்த்தபின் சேர்க்க. வாரமொரு முறை தராசிலிட்டு எடையைக் குறித்து வைத்தால், கண்ணுக்குப் புலனாகாத நோயும் எண்ணிற் புலனாகும். ஒருநாள் உண்ணாதிருந்தாலும் காத்திராது மருத்துவரிடம் கொண்டு செல்லுக. நமக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுக்கற்க. நம்மைக் காக்கும் பெனிசிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால், அதன் குடலிலுள்ள நற்கிருமிகள் மாண்டு அவ்வுயிரே மடியும். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வாங்குமுன்னரே அருகிலுள்ள மருத்துவர் ஒருவரை அறிந்து வைத்தல் நலம்.

இங்கே இளகிய உள்ளத்தார் ஒரு தடையை எழுப்புவர். "நலமுள்ளதையே யாவரும் தேர்ந்தால், நோயுற்றதன் கதி என்ன? இரக்கமுடையார் அதனையன்றோ வாங்க வேண்டும்?" என்பர். இக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் விளைவை நோக்குக. நோயுற்றதை நாம் விலைகொடுத்து மீட்ட மறுநாளே அக்கூண்டில் மற்றொன்று வந்து நிற்கும். அதுவும் அதே வலைத்தரையில், அதே அழுக்கு நீருடன். பேணாது வைத்தாலும் விற்கும் என்னும் துணிவை வணிகருக்கு ஊட்டுவது நம் பணமே. அன்றியும், மருத்துவம் அறியாத வீட்டில் ஒரு குழந்தையின் மடியில் அது துடித்து இறப்பதால் யாருக்கு என்ன நன்மை? உண்மையான இரக்கமுடையார், நோயுற்றதைக் கண்ட இடத்தில் அதனை விற்காது மருத்துவம் செய்யுமாறு கடைக்காரரிடம் கூறுக. கேளாவிடின், விலங்குநல வாரியத்திற்கு எழுதுக. 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இத்தகைய சிற்றுயிர்க்கும் உரியதே. ஓர் உயிரை வாங்கி நம் நெஞ்சை ஆற்றிக்கொள்வதினும், பின்வரும் பல உயிர்க்குக் கூண்டைத் திருத்துவித்தல் மேலான இரக்கமாம்.

பத்துப் பேர் பல்லைப் பார்த்துக் கேட்பாராயின், பதினோராம் நாள் வணிகரே பல்லைப் பார்த்து வைப்பார். மாட்டுச் சந்தையில் நோயுற்ற மாட்டை எளிதில் விற்க இயலாமைக்குக் காரணம் தரகரின் நேர்மையன்று, உழவரின் கண். அக்கண் நம் தந்தையரிடமும் பாட்டன்மாரிடமும் உள்ளது. அதனைச் சிற்றுயிர்பாலும் செலுத்துமாறு கேட்பது நம் போன்ற இளைஞர் கடன். வீட்டிற் சிறுவர் கினிப்பன்றி வேண்டுமென்று அடம்பிடிக்குங்கால் மறுக்கவும் வேண்டா, உடனே இசையவும் வேண்டா. அவர்களையும் உடன் அழைத்துச் சென்று, கண்ணையும் மூக்கையும் பல்லையும் பாதத்தையும் காட்டி, இன்னது நலம், இன்னது பிணி என்று சொல்லித் தருக. நிழலில்லாத வீடாயின் வெறுங்கையோடு திரும்புதற்கும் துணிக. ஓருயிரைப் பொறுப்போடு ஏற்றுக்கொள்ளவும், ஏற்கவியலாதபோது விட்டுவிடவும் கற்ற குழந்தை, நாளை வளர்ந்து மாடு பிடிப்பினும், மருத்துவம் பார்ப்பினும், மன்றத்தில் அமர்ந்து சட்டம் வகுப்பினும் அக்கண்ணோடே செயலாற்றும்.